கதவு எந்தப் பக்கம்

2009இல் யுத்தம் முடிந்தபின் சில வருடங்களுக்குத் திருகோணமலையில் எந்தத் தெருவுக்குள் திரும்பினாலும் டைல்ஸ் வெட்டும் கிரைண்டரின் சத்தம் கேட்கும். பாலையூற்று, அன்புவழிபுரம், லிங்கநகர், உப்புவெளி என்று எங்கும் வீடுகளைத் திருத்திக்கொண்டிருந்தார்கள். அதுவரை எங்கள் பக்கத்தில் குளிப்பது என்றால் கிணற்றடிதான். கிடுகுத் தட்டியோ தகரமோ மறைப்பாக நிற்கும். கக்கூஸ் வளவின் பின்பக்கம், கிணற்றுக்கு எட்டத்தில். நாளைக்கே எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓட வேண்டிவருமோ என்ற பயம் இருந்த காலத்தில் சுவருக்கு டைல்ஸ் பதிக்க யாருக்கு மனம் வரும்? பயம் விலகியதும், வெளிநாட்டுப் பிள்ளைகள் அனுப்பிய காசும் வங்கிக் கடனும் முதலில் போய்ச் சேர்ந்த இடம் அறையோடு ஒட்டிய குளியலறை. முழங்கால் நோவோடு இரவில் முற்றத்தைக் கடந்து போய்வந்த அம்மம்மாமாருக்கு அது எவ்வளவு பெரிய காரியம் என்பது அந்த வீடுகளில் வேலை செய்த எங்களுக்குத் தெரியும்.

உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருந்தபோது டைல்ஸ் பதிக்கும் ஒருவரிடம் கையாளாகச் சேர்ந்தேன். முடிவு வந்த பிறகும் நெடுநாள் அவரோடுதான் இருந்தேன். கிண்ணியாக்காரர். எல்லாரும் அவரை நானா என்றே கூப்பிடுவோம். யுத்த காலத்தில் நகரத்துக்கு வேலைக்கு வருவதென்றால் அவர் துறையடியில் பாதை என்ற மிதவைப் படகுக்குக் காத்து நிற்க வேண்டும். வாளி, மட்டப்பலகை, சாமான் பை எல்லாவற்றையும் ஏற்றி இறக்க வேண்டும். சோதனைச் சாவடியில் ஒவ்வொன்றாக வெளியே எடுத்துக் காட்ட வேண்டும். 2009 ஒக்டோபரில் கிண்ணியாப் பாலத்தைத் திறந்தார்கள். 396 மீற்றர், அப்போது இலங்கையின் மிக நீளமான பாலம். அதற்குப் பிறகு மோட்டார் சைக்கிளின் பின்னால் டைல் கட்டரைக் கட்டிக்கொண்டு காலை ஏழரைக்கே வாசலில் வந்து நிற்பார்.

வேலை கொடுக்க வருகிறவர்கள் முதலில் கேட்பது சதுர அடிக்கு எவ்வளவு கூலி என்பதை. நானா அதற்குப் பதில் சொல்லமாட்டார். "எத்தின மூலை இருக்கு?" என்று கேட்பார். வெறும் சுவரில் வரிசையாக டைல்ஸ் பதிக்கக் கைசுத்தமான எந்தப் பிள்ளைக்கும் சீக்கிரம் பழக்கிவிடலாம். உள்மூலை, வெளிமூலை, ஜன்னல் விளிம்பு, கதவுநிலையோடு சுவர் சேருமிடம், குசினியில் சிங்குக்குப் பின்னால் இரண்டு சுவர்கள் முட்டுமிடம், இவை வேறு. பத்து வருடம் வேலை செய்தவர்களும் இந்த இடங்களில் தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன். வெறும் சுவர் இடத்தைக் கொடுக்கும். மூலையில் இடம் முடிந்துபோகும். அதுவரை செய்த பிழைகளெல்லாம் அங்கே வந்து குவியும்.

ஒரு வீட்டுக்கு முதல் தடவை போகும்போது நானா எடுத்துப் போவது அளவு நாடா, தூக்குக்குண்டு, பென்சில். கையை மடக்கிச் சுவர்ப்பூச்சைத் தட்டிப் பார்ப்பார். உள்ளே பிடிப்பு விட்டிருந்தால் சத்தம் வேறாகக் கேட்கும். அந்த இடத்தில் சோக்கால் வட்டம் போடுவார். பிறகு மூலைக்கு வருவார். மூலையிலிருந்து ஒரு சுவரில் மூன்று அடி, மற்றச் சுவரில் நாலு அடி குறித்து, இரண்டு குறிக்கும் இடையே நாடா பிடித்தால் சரியாக ஐந்து அடி வரவேண்டும். எங்கள் ஊரில் சீமெந்துக்கல்லால் அவசரமாகக் கட்டிய வீடுகளில் அது வந்ததே குறைவு. நாலு அடி பத்தரை அங்குலம் வரும், ஐந்து அடி ஒரு அங்குலம் வரும். அடுத்தது தூக்குக்குண்டு. மேலே ஆணி அடித்து நூலைத் தொங்கவிட்டு, மேலே சுவருக்கும் நூலுக்கும் உள்ள தூரத்தையும் கீழே உள்ள தூரத்தையும் அளப்பார். ஏழு அடிச் சுவர் அரை அங்குலம் சாய்ந்திருந்தால் சமாளிக்கலாம். அதற்கு மேல் என்றால் பூச்சைக் கொத்தித் திரும்பப் பூசவேண்டும் என்று வீட்டுக்காரரிடம் நேரே சொல்லிவிடுவார். டைல்ஸ் பதித்துச் சரிக்கட்டலாம் என்று சொல்லி வேலையைப் பிடிக்கும் ஆட்கள் உண்டு. பின்னால் சாந்தைத் தடிப்பாக வைத்துச் சரிக்கட்டிய டைல்ஸ் ஒரு மழைக்காலம் கழிந்து கழன்று விழுந்ததைத் திருத்தத்தான் எங்களைப் பல வீடுகளுக்குக் கூப்பிட்டார்கள்.

இத்தனையும் முடிந்தபின் நானா வீட்டுப் பெண்ணைக் கூப்பிடச் சொல்வார். கூலி பேசுவது ஆம்பிளை. ஆனால் நானாவுக்கு வேண்டியது அவர் இல்லை.

"தங்கச்சி, எங்க நிண்டு சமைப்பீங்க?"

"இதில அடுப்பு வரும் நானா."

"தேங்காய் எங்க திருவுவீங்க? பொரிக்கிறது எந்தப் பக்கம்?"

முதல் முறை அதைக் கேட்டபோது வீட்டுக்காரர் பொறுமையில்லாமல் நின்றார். அந்த அக்கா யோசித்து யோசித்துச் சொன்னாள். அடுப்பு மூலையை ஒட்டியே வரும். கறிச்சட்டியில் தாளிக்கும்போது எண்ணெய் தெறிப்பது இடப்பக்கச் சுவருக்கு. சிங் ஜன்னலடியில். நானா சுவரில் பென்சிலால் குறித்தார். டைல்ஸ் எண்ணெயைக் குடிக்காது. டைல்ஸுக்கு நடுவே நிரப்புகிற கிரவுட் குடிக்கும். மஞ்சளும் மிளகாய்த்தூளும் கலந்த எண்ணெய் அதற்குள் போனால் பிறகு எந்தத் தூளாலும் உரஞ்சி எடுக்க முடியாது. அதனால் அடுப்பின் பின்னால் இணைப்புகள் குறைவாக வரவேண்டும். முழு டைல்ஸ் அங்கே வரவேண்டும். துண்டுகள் வேறு பக்கம் போகட்டும். அந்தக் குசினியில் எங்கே முதல் டைல் நிற்பது என்பதை அந்த அக்கா பொரிக்கிற இடம்தான் முடிவு செய்தது. எனக்கு இந்தத் தொழிலில் நம்பிக்கை வந்தது அன்றைக்கு. மூலையைக் கட்டுகிறவன் ஒருநாள் பார்த்துவிட்டுப் போய்விடுவான். அதைத் தினமும் துடைக்கிறவளுக்கு அதன் ஒவ்வொரு நூலிழைப் பிசகும் தெரியும்.

அளவெடுத்தபின் கணக்கு. நானா எட்டாம் வகுப்போடு நின்றவர், ஆனால் இந்தக் கணக்கை அவர் மனதிலேயே போடுவார். ஏழு அடி அகலமான சுவர், பத்து அங்குல டைல் என்று வைத்துக்கொள்ளுங்கள். 84 அங்குலம். சுவரின் நடுவே கோடு போட்டு, அந்தக் கோட்டில் இரண்டு டைல்ஸின் இணைப்பு வரும்படி தொடங்கினால் பக்கத்துக்கு நாலு முழு டைல்ஸ் போய், மூலையில் இரண்டு அங்குலத் துண்டு மிஞ்சும். பல்லிடுக்கில் சிக்கிய துணுக்குப் போல அது அங்கே நிற்கும். வெட்டும்போதே உடையும், பிடிப்பும் குறைவு. அதே சுவரில் நடுக்கோடு ஒரு டைலின் நடுவில் வரும்படி அரை டைல் தள்ளித் தொடங்கினால், இரண்டு மூலைகளிலும் ஏழு அங்குலம் வரும். டைல்ஸுக்கு இடையே விடும் இரண்டு மில்லிமீற்றரையும் சேர்த்தால் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். மூலைத் துண்டு பாதி டைலுக்குக் குறையக்கூடாது என்பது நானா விட்டுக்கொடுக்காத விதி. வாசலிலிருந்து ஒரு பக்கம் முழு டைலாகத் தொடங்கி, மறுபக்கத்தில் என்ன வருகிறதோ வரட்டும் என்று போகிற வேலையை அவர் வேலை என்றே கணக்கெடுக்கமாட்டார்.

கீழ் வரிசையை அவர் கடைசியில்தான் பதிப்பார். தரை எங்கேயும் சரிமட்டமாக இருப்பதில்லை. குளியலறைத் தரை தண்ணீர் ஓடச் சாய்ந்திருக்கவும் வேண்டும். தரையை நம்பி முதல் வரிசையை வைத்தால் சுவரைச் சுற்றி வந்து நாலாவது மூலையில் கோடுகள் ஒன்றையொன்று சந்திக்காது. அதனால் ஒரு டைலின் உயரத்துக்குச் சற்றுக் குறைவாக, மட்டமான சட்டப்பலகை ஒன்றைச் சுவரில் அடித்து, அதற்கு மேலிருந்து தொடங்குவோம். அந்த மட்டத்தை மூலை திருப்பி மற்றச் சுவருக்குக் கொண்டுபோகப் பளிங்குபோன்ற பிளாஸ்ரிக் குழாயில் தண்ணீர் நிரப்பிப் பிடிப்போம். குழாயின் இரண்டு நுனிகளிலும் தண்ணீர் ஒரே உயரத்தில் நிற்கும். உள்ளே காற்றுக்குமிழி இருந்தால் பொய் சொல்லும். குழாயை உதறி உதறிக் குமிழியை வெளியேற்றுவது என் வேலை. இப்போது பச்சைக் கோடு அடிக்கும் லேசர் வந்துவிட்டது. நல்ல சாமான். நானாவும் ஒன்று வாங்கினார், குழாயைத் தூக்கி எறியவில்லை.

உள்மூலைக்கு வருகிறேன். இரண்டு சுவர்கள் சந்திக்கும் இடத்தில் ஒரு சுவரின் டைல்ஸ் மூலைவரை போகும், மற்றச் சுவரின் டைல்ஸ் அதன்மேல் வந்து முட்டும். எது போவது, எது முட்டுவது? இதை யாரும் யோசிப்பதில்லை. எந்தச் சுவரை முதலில் பதித்தார்களோ அது உள்ளே போய்விடும். நானா குளியலறை வாசலில் நின்று என்னிடம் சொன்னது நினைவிருக்கிறது. "தம்பி, கதவு எந்தப் பக்கம் எண்டு முதல்ல பாரு. கதவைத் திறந்தவன் கண்ணுக்கு நேர எந்தச் செவரு தெரியுதோ, அத முதல்ல பதி." கதவுக்கு நேரான சுவரின் டைல்ஸ் மூலையின் ஆழம்வரை போகவேண்டும். பக்கச் சுவரின் டைல்ஸ் அதன் முகத்தில் வந்து முட்டவேண்டும். அப்படிச் செய்தால் மூலை இணைப்பின் வாய் பக்கவாட்டில் திறந்திருக்கும். வாசலில் நிற்பவருக்கு அது தெரியாது. அதோடு நேர்ச் சுவரின் மூலைத் துண்டின் வெட்டிய விளிம்பு பக்கச் சுவர் டைலின் தடிப்புக்குப் பின்னால் மறைந்துவிடும். மாற்றிச் செய்தால் இரண்டு மில்லிமீற்றர் கோடு நேரே கண்ணில் குத்தும். எவ்வளவு செலவழித்து எந்த டைல்ஸ் வாங்கினாலும் அந்தக் கோடுதான் தெரியும்.

மூலைத் துண்டை ஒருபோதும் ஒரே அளவில் வெட்டி அடுக்கக்கூடாது. சாய்ந்த சுவரில் மேல் வரிசைக்கு ஆறரை அங்குலம், கீழ் வரிசைக்கு ஏழு அங்குலம் என்று வரும். ஒவ்வொரு துண்டுக்கும் மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் தனித்தனியே அளந்து, டைலின் முகத்தில் இரண்டு புள்ளி வைத்துச் சேர்த்து வெட்டவேண்டும். நானா நாடாவையும் நம்பாமல் வேறு வழி வைத்திருந்தார். வெட்ட வேண்டிய டைலை, ஏற்கெனவே பதித்த கடைசி முழு டைலின்மேல் சரியாக வைப்பார். அதன்மேல் இன்னொரு டைலை எடுத்து மூலையில் முட்டவைப்பார். அந்த மேல் டைலின் விளிம்பு எங்கே முடிகிறதோ அங்கே கோடு. இரண்டு இணைப்பு அளவு கழித்து வெட்டினால் மூலை கோணலாக இருந்தாலும் துண்டு அதன் கோணலுக்கே சரியாக விழும். பக்கச் சுவரைத் தொடங்கும்போது, வெட்டியெடுத்து மிஞ்சிய மற்றப் பாதியை எடுப்பார். மாபிள் கோடுகள் ஓடும் டைல் என்றால் ஒரே டைல் மூலையில் மடிந்து திரும்பியதுபோல அந்தக் கோடு தொடர்ந்து போகும். வெட்டிய விளிம்பைத் தேய்ப்புக்கல்லில் மெதுவாக உரசி மழுக்குவார். அந்த உரசும் வேலையை அவர் யாரிடமும் கொடுத்ததில்லை.

சாமான்களைப் பற்றியும் கொஞ்சம் சொல்லவேண்டும். சீமெந்துக்கு நாங்கள் தூரம் போகத் தேவையில்லை. 1982இல் ஆரம்பித்த டோக்கியோ சீமெந்து நிறுவனத்தின் ஆலை சீனன்குடாப் பக்கம், குடாவின் கரையிலேயே இருக்கிறது. ஊரில் பழைய ஆட்கள் இன்னும் மிட்சுயி என்றுதான் சொல்வார்கள். சுவர் டைல்ஸ் நாட்டுக்குள்ளேயே செய்ததும் வரும், வெளிநாட்டிலிருந்து இறக்கியதும் வரும். 1975இல் தொடங்கிய லங்கா வோல்டைல்ஸ், 1990இல் தொடங்கிய றோயல் செரமிக்ஸ் பெயர்கள் பெட்டிகளில் இருக்கும். இந்தியப் பெட்டிகளும் சீனப் பெட்டிகளும் விலை குறைவாகக் கிடைத்தன. பெட்டியில் நிறத்தின் இலக்கமும் உற்பத்தித் தொகுதியின் இலக்கமும் அடித்திருப்பார்கள். ஒரே மாதிரி டைல்தான் என்றாலும் தொகுதி மாறினால் ஒரு மில்லிமீற்றர் கூடக்குறைய வரும். வரிசையின் நடுவில் அது தெரியாது. மூலை திரும்பியதும் கோடு விலகி நிற்கும். கடையில் பெட்டிகளைத் தலைகீழாகப் புரட்டி இலக்கம் பார்க்கும் எங்களைக் கடைக்காரப் பெடியன்கள் அலுப்போடு பார்ப்பார்கள்.

மண்தான் பெரிய பிரச்சினை. மகாவலி கொட்டியாரக் குடாவில் வந்து கடலில் விழுகிறது. ஆற்றுமண் அந்தப் பக்கங்களிலிருந்து வரும். மேலே அள்ளிய மண் அருமையானது. கடலுக்குக் கிட்ட அள்ளியது என்றால் உப்பு. லொறி வந்து கொட்டியதும் நானா ஒரு கிள்ளு எடுத்து நாக்கில் வைத்துத் துப்புவார். உப்பு மண்ணில் குழைத்த சாந்தின் குணம் உடனே தெரியாது. குளியலறை ஈரத்தில் உப்புக் கரைந்து, இணைப்புகள் வழியே வெளியே வந்து, காய்ந்து, வெள்ளையாகப் பூக்கும். அது முதலில் பூப்பது மூலையில், தரைக்குக் கிட்ட. ஈரம் அங்கேதான் கடைசிவரை நிற்கிறது. துடைக்கத் துடைக்கத் திரும்ப வரும். வீட்டுக்காரர் டைல்ஸைக் குறை சொல்வார்.

சுவர் டைல்ஸில் சாதாரண களிமண் வகை தண்ணீரை நன்றாகக் குடிக்கும். அதைச் சீமெந்துச் சாந்தில் பதிப்பதென்றால் வாளித் தண்ணீரில் ஊறப்போட்டு, குமிழி வருவது நின்றபின் எடுத்துச் சாய்த்துவைத்து, முதுகின் ஈரம் மங்கியதும் பதிக்கவேண்டும். காய்ந்தபடி பதித்தால் சாந்திலுள்ள தண்ணீரை உறிஞ்சிவிடும், சாந்து இறுகாமல் பொடியாகிவிடும். பிறகு போர்சலின் வந்தது. அது நூற்றுக்கு அரைப் பங்கு தண்ணீர்கூடக் குடிக்காது. வெறும் சீமெந்துப் பாலில் பதித்தால் சீமெந்துக்குப் பிடித்துக்கொள்ள உள்ளே வழியில்லை. பையில் வரும் ஒட்டுச்சாந்துதான் அதற்குச் சரி. இந்த வித்தியாசம் தெரியாமல் எல்லாவற்றையும் ஊறப்போட்ட மேசன்மார் இருந்தார்கள். போர்சலினை இரவு முழுக்கத் தண்ணீரில் போட்டுவிட்டு மறுநாள் ஈரத்தோடு பதித்த குளியலறை ஒன்றை நாங்கள் முழுவதுமாகக் கழற்றிச் செய்தோம். கழற்றுவதற்குச் சுத்தியலே தேவைப்படவில்லை.

வெளிமூலை இன்னொரு உலகம். தூண், குசினி மேடையின் முனை, ஜன்னல் விளிம்பு எல்லாம் வெளிமூலை. இதில் மூன்று வழிகள் உண்டு. சந்தையில் இலகுவாகக் கிடைப்பது பிளாஸ்ரிக் அல்லது அலுமினிய பீடிங். முனையில் அதை வைத்து இரண்டு பக்கத்து டைல்ஸையும் அதற்குள் செருகுவது. இரண்டாவது, இரண்டு டைல்ஸின் விளிம்பையும் பின்பக்கமாக 45 பாகைக்குச் சாய்த்து வெட்டி முனையோடு முனை சேர்ப்பது. மூன்றாவது, விளிம்பு உருட்டிய டைல். இந்த மூன்றாவதை நான் முதலில் பார்த்தது உட்துறைமுக வீதிப் பக்கம் ஒரு பழைய பங்களாவில். 1957இல் பிரித்தானியக் கடற்படை இந்தத் தளத்தைக் கையளித்துவிட்டுப் போனதற்கு முன்னாலேயே கட்டிய வீடு. குளியலறையில் ஆறு அங்குலச் சதுர வெள்ளை டைல்ஸ். ஜன்னல் விளிம்பிலும் சுவர் முனையிலும் வந்த டைல்ஸில் ஒரு பக்கம் உருண்டு, அந்த உருட்டிலும் கண்ணாடிப் பூச்சு இருந்தது. உருண்ட விளிம்பு பக்கத்து டைலின் வெட்டு முகத்தை மூடிக்கொண்டு நின்றது. முனை முழுவதும் ஒரு சிதைவு இல்லை. கைவைத்தால் கூர் இல்லை. நானா அந்த முனையில் மேலிருந்து கீழ்வரை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "இத உடைக்கச் சொல்றாங்களே" என்றார். குழாய்கள் துருப்பிடித்திருந்ததால் ஒரு சுவரை உடைத்தே ஆகவேண்டியிருந்தது. மற்ற மூன்று சுவர்களையும் விட்டுவிடலாம் என்று வீட்டுக்காரரிடம் அரை நாள் பேசி அவரைச் சம்மதிக்க வைத்தார். தனக்குக் கூலி குறையும் என்று தெரிந்தே பேசினார்.

நிலாவெளிப் பாதையில் ஒரு ஹோட்டலில் நிலைமை வேறு. முதலாளி கொழும்பில் எங்கோ சாய்வு வெட்டு முனையைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். எல்லாத் தூணும் அப்படி வேண்டும் என்றார். ஆனால் வாங்கியிருந்தது களிமண் வகைச் சுவர் டைல்ஸ். உள்ளே மிருது, மேலே மெல்லிய கண்ணாடிப் பூச்சு. போர்சலின் என்றால் உடம்பு முழுக்க இறுக்கம். அதைச் சாய்த்து வெட்டலாம். பூச்சின் விளிம்பில் ஒரு மில்லிமீற்றர் தடிப்பு விட்டு, 45 பாகையைவிடச் சற்றுக் கூடவே பின்பக்கம் குடைந்து வெட்டி, இடைவெளியில் ஒட்டுச்சாந்து நிறைய அடைத்தால் முனை பலமாக நிற்கும். மிருதுவான டைலில் அந்தக் கூர் முனைக்குப் பின்னால் தாங்க ஒன்றும் இல்லை. நானா சொன்னார், முதலாளி கேட்கவில்லை. நாங்கள் சுத்தமாகச் செய்து கொடுத்தோம். பார்க்க மிக அழகாக இருந்தது. ஒரு சீசன் முடிவதற்குள் சுற்றுலாப் பயணிகளின் பெட்டிச் சில்லுகளும் துப்புரவு வாளிகளும் பட்டு முனைகள் பொரிந்துவிட்டன. பிறகு எல்லாவற்றுக்கும் அலுமினிய பீடிங் வைக்கக் கூப்பிட்டார்கள்.

பீடிங்கை இழிவாகப் பேசும் ஆட்கள் இருக்கிறார்கள். கண்ணுக்கு எனக்கும் அது பிடிக்காது. ஆனால் ஓடித்திரியும் குழந்தை இருக்கிற வீட்டில், வயதானவர் சுவரைப் பிடித்து நடக்கிற வீட்டில், கூரான சாய்வு முனையைவிட உருண்ட பீடிங் எவ்வளவோ மேல் என்று எங்கே கேட்டாலும் சொல்வேன். அன்புவழிபுரத்தில் ஒரு வீட்டில் குளியலறைக்குள் ஒரு சின்னத் தடுப்புச் சுவர். அம்மம்மா குளித்துவிட்டு அந்த முனையைப் பிடித்துத்தான் வெளியே வருவா. வீட்டுப் பிள்ளைகள் அழகான முனை கேட்டார்கள். நானா அவவையே கூட்டிவந்து, பதிக்காத சுவரில் எந்த உயரத்தில் பிடிப்பா என்று பிடிக்கச் சொல்லிப் பார்த்தார். இடுப்பு உயரம்வரை டைல்ஸே வேண்டாம் என்று முடிவெடுத்தார். அந்த முனையை நன்றாக உருட்டிச் சீமெந்தில் பூசி, மேலே வழுக்காத வர்ணம் அடித்தோம். பிள்ளைகளுக்கு முகம் கோணியது. அம்மம்மா மட்டும் ஒவ்வொரு நாளும் எங்களுக்குத் தேத்தண்ணியோடு ஏதாவது கொண்டுவந்து வைப்பா.

மூலையின் கடைசி வேலை நிரப்புவது. இதில் நான் பார்த்த குளியலறைகளில் பெரும்பாலானவை பிழைதான். எல்லா இணைப்பையும் நிரப்பும் அதே சீமெந்துக் கிரவுட்டை மூலைக்கும் இழுத்துவிடுவார்கள். இரண்டு சுவர்கள் ஒன்றாக அசைவதில்லை. வெயில் பட்ட சுவர் விரியும், படாத சுவர் அப்படியே நிற்கும். சுவருக்கும் தரைக்கும் இடையிலும் இப்படித்தான். இறுகிய கிரவுட் அந்த அசைவைத் தாங்காமல் மயிரிழையாக வெடிக்கும். வெடிப்புக்குள் சவர்க்காரத் தண்ணீர் போகும், கறுப்பாகப் பங்கசு பிடிக்கும். அது டைல்ஸின் மேல் இல்லை, உள்ளே இருந்து வருகிறது. எவ்வளவு பிளீச்சிங் போட்டாலும் திரும்ப வரும். நானா மூலைகளை நிரப்பாமல் வெறுமையாக விட்டுவைத்து, எல்லாம் நன்றாகக் காய்ந்தபின் வந்து சிலிக்கன் அடிப்பார். சிலிக்கன் வளைந்து கொடுக்கும். சில வருடங்களில் அதுவும் பழுதாகும், வெட்டி எடுத்துவிட்டுப் புதிதாக அடிக்கவேண்டும் என்றும் சொல்லிவிட்டே போவார். அதைச் சொல்லாமல் போகிறவர்களை அவருக்குப் பிடிக்காது.

2020இல் வெளிநாட்டுச் சாமான்களுக்குக் கட்டுப்பாடு வந்தபோது டைல்ஸும் அதில் அகப்பட்டது. கடைகளில் இருந்த இறக்குமதிப் பெட்டிகள் தீர்ந்தன. உள்ளூர் டைல்ஸுக்குப் பதிந்துவைத்துக் காத்திருக்க வேண்டியிருந்தது. 2022இல் சீமெந்துப் பை வாங்குவதே பெரும்பாடாகிவிட்டது. பாதியில் நின்ற குளியலறைகள் ஊரில் நிறைய. நாலு சுவரில் மூன்று முடிந்து, நாலாவதற்கு அதே டைல் இல்லை. அந்த நாட்களில் நானா பழைய வேலைகளில் மிஞ்சிய துண்டுகளை வீட்டில் நிறவாரியாக அடுக்கி வைத்திருந்தது பலருக்குக் கைகொடுத்தது. இல்லாத இடத்தில் நாலாவது சுவரை வேறு நிறத்தில் பதித்தார். ஆனால் எப்போதும் மூலையிலிருந்து மூலைக்கு முழுதாக, இரண்டு நிறமும் மூலையில் மட்டும் சந்திக்கும்படி. ஒரு சுவரின் நடுவில் நிறம் மாறினால் அது பற்றாக்குறை என்று தெரியும். மூலையில் மாறினால் விரும்பிச் செய்ததாக நிற்கும். அப்படிச் செய்த பாலையூற்று வீட்டுக் குளியலறையைப் பார்த்துவிட்டு, டைல்ஸ் தாராளமாகக் கிடைத்த பிறகும் ஆட்கள் இரண்டு நிறம் கேட்டு வந்தார்கள்.

நான் இப்போது வேறு தொழிலில் இருக்கிறேன். நானாவின் முழங்கால் போய்விட்டது. குந்தியிருந்து கீழ் வரிசை பதிக்க முடியாது. மூத்த மகன் கட்டாரில் டைல்ஸ் வேலை. அங்கே பெரிய பெரிய பலகை போன்ற போர்சலின், இரண்டு பேர் தூக்கிப் பதிக்கும் அளவு. முடித்த குளியலறைகளை அவன் வட்ஸ்அப்பில் அனுப்புவான். கடந்த நோன்புப் பெருநாளுக்குக் கிண்ணியா போனபோது நானா அந்தப் படங்களை எனக்குக் காட்டினார். ஒவ்வொன்றையும் விரலால் பெரிதாக்கி மூலைக்கே போனார். ஒரு படத்தில் வெகுநேரம் நின்று, மகனுக்குக் குரல் பதிவு அனுப்பினார்: "மகன், இதுல கதவு எந்தப் பக்கம்?" கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது. கதவு வலப்பக்கம், வாப்பா, நேர்ச் செவருதான் முதல்ல பதிச்சது, மூலைக்கு டைல் நிறத்திலேயே சிலிக்கன் இருக்கு, அதுதான் கோடு தெரியல்ல என்றான். நானாவுக்கு டைல் நிறத்தில் சிலிக்கன் என்பது புதிது. எங்கள் ஊர்க் கடைகளில் வெள்ளையும் நிறமில்லாததும்தான் அவர் கண்டது. சாம்பல் நிறம் ஒன்று கிடைக்குமா என்று நகரத்தில் விசாரித்துச் சொல்லும்படி என்னிடம் சொன்னார். நான் விசாரித்தேன். ஒரு கடையில் அடுத்த லோடில் வரும் என்றார்கள். இரண்டு குப்பி எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன்.